கேட் போனில் வந்த கொல்லம்

கொல்லம் துறைமுகத்தின் கதை நாகஜோதிக்கு அத்துப்படி. போர்ச்சுக்கீசியர் எந்த வருஷம் வந்து இறங்கினார்கள், டச்சுக்காரர்கள் அவர்களை எந்த வருஷம் விரட்டினார்கள், வெள்ளைக்காரன் மலையைக் குடைந்து எதற்காக ரயில் விட்டான் என்று யார் கேட்டாலும் மடமடவென்று சொல்வாள். யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம். பிறந்தது வ. புதுப்பட்டி, வாக்கப்பட்டது வன்னியம்பட்டி. மகளைக் கட்டிக் கொடுத்த வகையில் திருப்பூருக்கு மூன்று தடவை, புருஷனுக்கு வைத்தியம் பார்த்த வகையில் மதுரைக்குப் பல தடவை. நாற்பத்தொன்பது வயதுவரை அவள் சுற்றிய ஊர்கள் அவ்வளவுதான். கொல்லத்தை அவள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே, வன்னியம்பட்டிப் பக்கம் காட்டுக்குள் போகிற தார்ச்சாலையில் ஒரு ரயில்வே கேட். அதில் அவள் கேட் கீப்பர். புருஷன் சிவபாண்டி தண்டவாளத்தில் கேங்மேனாக இருந்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலை வந்து, நாட்டு மருந்து இரண்டு மாதம், ஆஸ்பத்திரி இரண்டு வாரம் என்று இழுத்துக்கொண்டு கிடந்து போய்ச் சேர்ந்தான். வாரிசு வேலையாக ரயில்வே இவளுக்கு இந்தக் கேட்டைக் கொடுத்தது. கொடுத்தபோது சொந்தபந்தமெல்லாம் வாயைப் பிளந்தது. கவர்மெண்ட் வேலை, நாகஜோதி கொடுத்துவைத்தவள் என்று பேசிக்கொண்டது. எட்டுக்கு எட்டு அறையில் ஒரு ஸ்டூலும் ஒரு மண்பானையும் துணையாகப் பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்தால் தெரியும், கொடுத்துவைத்த லட்சணம்.

கேட்டில் வந்து நிற்கிறவர்களுக்குக் கேட் கீப்பர் என்று ஒரு மனுஷி இருப்பது அடைத்திருக்கும்போது மட்டும்தான் ஞாபகம் வரும். “ஏக்கா, தொறக்கா, பஸ்ஸு போயிரும்” என்பார்கள். திறந்துவிட்டால் தூசியைக் கிளப்பிக்கொண்டு பறந்துவிடுவார்கள். ஒருத்தராவது திரும்பிப் பார்த்து, சாப்பிட்டியா என்று கேட்டிருப்பார்களா? மகள் யோகேஸ்வரி ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். அடுப்பில் தாளித்துக்கொண்டே “சொல்லும்மா” என்பாள். சொல்ல ஆரம்பிப்பதற்குள் குக்கர் விசிலடிக்கும். “பொறவு கூப்பிடுதேம்மா” என்று வைத்துவிடுவாள். மகளைக் குறை சொல்ல முடியாது. பனியன் கம்பெனிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவே அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை.

கேட் அறையில் ஒரு போன் உண்டு. அது ராஜபாளையம் ஸ்டேஷன் மாஸ்டரோடு மட்டும் பேசும். வண்டி வரப்போகிறது என்றால் மாஸ்டர் கூப்பிட்டுச் சொல்வார். இவள் கேட்டை அடைத்துப் பூட்டிவிட்டு வந்து, தன்னிடம் இருக்கும் தாளில் அடுத்ததாக உள்ள இரண்டு இலக்க எண்ணைச் சொல்ல வேண்டும். பிரைவேட் நம்பர் என்று அதற்குப் பெயர். கேட் அடைத்தாயிற்று என்பதற்கு அதுதான் சத்தியம். அவரும் தன் தாளிலிருந்து ஒரு எண்ணைச் சொல்வார். இரண்டு பேரும் எழுதிக்கொண்டு, தாளில் அந்த எண்ணை அடித்துவிட்டு, போனை வைக்க வேண்டும். வரிசையில்லாமல் அச்சடித்த எண்கள் என்பதால் யாரும் மனக்கணக்கில் ஏமாற்ற முடியாது. மாஸ்டருக்குக் கேட் கீப்பர் ஊரின் பெயர், கேட் கீப்பருக்கு மாஸ்டர் வெறும் சார். பெயர் சொல்லும் பழக்கமே அந்த போனில் கிடையாது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு புது சார் வந்தார். குரல் கொஞ்சம் கரகரப்பு, தமிழில் மலையாள வாடை. நம்பரைச் சொல்லி, வாங்கி, வைத்துவிடுவார். ஒருநாள் மதுரையிலிருந்து வரும் பகல் வண்டிக்கு நம்பர் கொடுத்துவிட்டு, என்ன தோன்றியதோ, நாகஜோதி கேட்டுவிட்டாள்.

“சார், இந்த வண்டி மலையத் தாண்டி எங்க போவுது?”

“கொல்லம் வழி. அது எங்க ஊராக்கும்.”

“அங்க என்ன சார் இருக்கு?”

அதற்குள் போனை வைத்துவிட்டார். அதிகப்பிரசங்கித்தனமாகக் கேட்டுவிட்டோமோ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இரண்டரை மணி நேரம் கழித்து எதிர்த் திசை வண்டிக்கு மணி அடித்தது. கேட்டை அடைத்தாள், நம்பரைக் கொடுத்தாள், அவர் நம்பரை வாங்கினாள். வைக்கப் போகும்போது அந்தக் கரகரத்த குரல் சொன்னது:

“துறைமுகம் இருக்கு. சீனாக்காரன் கப்பல் வந்த துறைமுகம்.”

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். சட்டம் ஒன்றை இருவரும் பேசாமலே போட்டுக்கொண்டார்கள். நம்பருக்கு முன்னால் ஒரு பேச்சும் கூடாது. நம்பர் கொடுத்து வாங்கியான பிறகு அவள் ஒரு கேள்வி கேட்கலாம். பதில் அடுத்த வண்டிக்குத்தான் வரும், அதுவும் ஒரு வாக்கியமாக. ஷிப்ட் ஒத்துப்போகாத வாரங்களில் ஒரு பதிலுக்கு ஆறு நாள்கூடக் காத்திருந்திருக்கிறாள்.

இப்படி வண்டி வண்டியாக ஒரு ஊர் வந்து அவளிடம் சேர்ந்தது. மிளகுக்காகப் போர்ச்சுக்கீசியர் வந்தார்கள். தங்கச்சேரி என்ற இடத்தில் கடலோரமாகக் கோட்டை கட்டினார்கள். “எங்க வீட்லருந்து பாத்தா அந்தக் கோட்டைச் சுவர் தெரியும்” என்றார் ஒரு வண்டிக்கு. இந்தியாவிலேயே தமிழில் முதன்முதலாகப் புத்தகம் அச்சடித்தது கொல்லத்தில்தான் என்று இன்னொரு வண்டிக்குச் சொன்னபோது நாகஜோதி நம்பவே இல்லை. “தமிழா சார்? மலையாள ஊருலயா?” என்று கேட்டாள். அடுத்த வண்டிக்கு, “தமிழ்தான். ஆயிரத்து ஐந்நூற்று எழுபத்தெட்டு” என்றார். பிறகு டச்சுக்காரன், பிறகு வெள்ளைக்காரன். பண்டிகைக்கு முன்னால் கூடுதல் வண்டிகள் விட்டால் நாகஜோதிக்குக் கொண்டாட்டம். மற்ற கேட் கீப்பர்கள் வேலை கூடிப்போச்சு என்று புலம்புவார்கள், இவளுக்குப் பதில் கூடுதலாகக் கிடைக்கும்.

ரயில் கதைக்கு மட்டும் ஒரு வருஷம் எடுத்துக்கொண்டார். துறைமுகத்துச் சரக்கை மதராஸோடு சேர்க்க வெள்ளைக்காரன் செங்கோட்டை மலையில் பாதை போட்டான். மலைக்குள் குகை வெட்டி முடியவில்லை, ஆனால் கொல்லம் பக்கத்துத் தண்டவாளம் முந்தித் தயாராகிவிட்டது. எஞ்சினை என்ன செய்வது? பாகம் பாகமாகக் கழற்றி, தூத்துக்குடியில் கப்பலேற்றி, குமரியைச் சுற்றிக் கொல்லத்தில் இறக்கினார்களாம். துறைமுகத்திலிருந்து மாட்டு வண்டியில் போயிற்றாம் ரயில் எஞ்சின். இதைக் கேட்டு நாகஜோதி தனியாக உட்கார்ந்து சிரித்த சிரிப்பில், ஆடு மேய்த்துக்கொண்டு போன பரிபூரணத்தக்கா, “என்னட்டி, கிறுக்குப் புடிச்சிருச்சா?” என்று நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

“உங்க கேட் கூட அந்தத் துறைமுகத்தோட வால்தான்” என்றார் ஒருநாள். விருதுநகரிலிருந்து தென்காசிக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில் இந்தப் பாதை வந்தது. தென்காசியில் போய்க் கொல்லம் பாதையோடு சேர்ந்துகொண்டது. அன்றுமுதல் நாகஜோதி கேட்டை அடைக்கும்போது, ஏதோ பெரிய காரியத்தின் ஒரு நுனி தன் கையில் இருப்பதாக நினைத்துக்கொள்வாள். நினைப்புக்கு யார் வரி போடப் போகிறார்கள்?

அவரைப் பற்றி அவள் கேட்டதில்லை, அவளைப் பற்றி அவரும் கேட்டதில்லை. ஆனாலும் அவளுக்கு இந்த உலகத்தில் பேச்சுத்துணை என்றால் அந்தக் குரல்தான். அதை அவளே தனக்குள் ஒப்புக்கொண்டது அது போன பிறகுதான்.

போன சித்திரையில் அவர் சொன்ன வாக்கியம் இது: “பிறகு கொச்சியில ஆழம் தோண்டினாங்க, கப்பல் எல்லாம் அங்க போச்சு.”

“கப்பல் போன பொறவு உங்க ஊரு என்ன சார் பண்ணுச்சு?” என்று கேட்டாள்.

“சொல்றேன்” என்று வைத்தார்.

மறுநாள் முதல் அவளுக்கு ஷிப்ட் மாற்றம். ஒரு வாரம் கழித்துப் பகலுக்குத் திரும்பியபோது போனில் வேறு குரல் வந்தது. சின்ன வயதுக் குரல். நம்பரைச் சொன்னது, வாங்கியது, வைத்தது. மறுநாளும் அதே குரல். ஷிப்டு மாறியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். பத்தாவது நாள், தண்டவாளத்தைச் சோதித்துக்கொண்டு நடந்துவரும் கீமேன் கருத்தப்பாண்டி தண்ணீர் குடிக்க வந்தபோது கேட்டாள்.

“ஏண்ணே, அந்தக் கொல்லத்து மாஸ்டரு லீவா?”

“டொமினிக் சாரா? அவிய ரிட்டயர்டு ஆயிட்டாவல்லா. ஸ்டேஷன்ல மாலையெல்லாம் போட்டு, பிரியாணி போட்டு அனுப்புனோமே. ஒனக்குத் தெரியாதா?”

நாகஜோதிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆறு வருஷம் பேசியவருடைய பெயரைத் தண்ணீர் குடிக்க வந்த ஆள் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. போகிறேன் என்று ஒரு வார்த்தை கிடையாது. கடைசி நாளில் எத்தனை வண்டி போயிருக்கும்? எந்தக் கேட் கீப்பர் டூட்டியில் இருந்தாலும், பகல் டூட்டிக்கு வருகிற அம்மாவிடம் சொல்லிவிடு என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாமே. நமக்குத்தான் அவர் பேச்சுத்துணை, அவருக்கு நாம் வண்டிக்கு வண்டி அடிக்கிற மணி. அப்படித்தானா? இரண்டு வாரம் இந்த ஒரே கேள்வியை மென்று மென்று பார்த்தாள். நேரில் போய்ப் பார்த்துவிடுவது, நாம் அவருக்கு யார் என்று தெரிந்துகொண்டு வந்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

கருத்தப்பாண்டி ஸ்டேஷனில் விசாரித்து முகவரி வாங்கிக் கொடுத்தான். ஆடிப்பூரத்துக்கு ஊரே தேர் பார்க்கப் போன வாரத்தில் இவள் லீவு எழுதிக் கொடுத்தாள். ரயில்வே பாஸ் எடுத்தாள். பதினோரு வருஷ சர்வீஸில் மகள் வீட்டுக்கு அல்லாமல் எடுத்த முதல் பாஸ். ஸ்ரீவில்லிபுத்தூரில் அரைக்கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை பகல் வண்டியில் ஏறினாள். செங்கோட்டை தாண்டி மலை வந்தது, குகைகள் வந்தன. அவர் சொன்ன பதிமூன்று கண் பாலம் வந்தபோது பக்கத்து சீட்டுக்காரர்கள் செல்போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். நாகஜோதி கண்களை எண்ணிப் பார்த்தாள். பதிமூன்றுதான், அவர் பொய் சொல்லவில்லை. ராத்திரி கொல்லம் ஸ்டேஷனில் பெண்கள் காத்திருக்கும் அறையில் படுத்துக்கொண்டு, காலையில் குளித்து, சீலை மாற்றி, ஆட்டோ பிடித்தாள்.

தங்கச்சேரியில் ஓட்டு வீடு. கதவைத் திறந்தது அறுபதை நெருங்கும் ஒரு அம்மாள். நாகஜோதி கொச்சையாக மலையாளம் பேச முயன்றதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “தமிழிலயே பேசுங்கோ, நான் நாகர்கோவிலாக்கும்” என்றாள். கிருபாபாய் என்று பெயர், டொமினிக் சாரின் மனைவி. உள்ளே, ஜன்னல் ஓரம் பிரம்பு நாற்காலியில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். குரலை வைத்து அவள் உயரமாக ஒருவரை நினைத்திருந்தாள். இவர் ஒல்லியாக, குட்டையாக, காதில் மயிரோடு இருந்தார். யாரோ என்று பார்த்தார்.

“சார், வன்னியம்பட்டி கேட்டு” என்றாள்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “வண்டி போயாச்சா?” என்றார். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று விளங்கியதுபோல வெட்கப்பட்டு, மறுபடியும் உட்கார்ந்தார்.

நாகஜோதி பால்கோவாவைக் கொடுத்தாள். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். “சௌக்கியமா சார்?” என்றாள், தலையை ஆட்டினார். அவர் அவளைப் பார்ப்பார், அவள் பார்த்தால் ஜன்னலைப் பார்ப்பார். வந்தது ஒரு கேள்விக்கு, ஆனால் காதில் போன் இல்லாமல், கையில் நம்பர் தாள் இல்லாமல், எதிரே முகம் ஒன்றை வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியை எங்கிருந்து ஆரம்பிப்பது? சுவர்க் கடிகாரம் பதினைந்து நிமிஷம் ஓடியது. கிருபாபாய் தேநீர் கொண்டுவந்தாள்.

“தப்பா நெனைக்காதீங்கோ. இவிய யாருகிட்டயும் பேச மாட்டாவ. கலியாணம் ஆகி முப்பத்தொரு வருசம், சோறு, தண்ணி, துண்டு, இவ்வளவுதான் இவிய வாயில இருந்து வரும். அங்கயும் இப்பிடித்தானா?”

“சாரா? அவிய எனக்கு ஆறு வருசமா கதை சொன்னாவளே” என்றாள் நாகஜோதி.

“கதையா? இவியளா?” கிருபாபாய் தட்டை மேசையில் வைத்தாள். “என்ன கதை?”

“இந்த ஊரு கதை.”

அந்த அம்மாளின் முகம் போன போக்கைப் பார்த்து நாகஜோதிக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. கோபம் என்றுதான் முதலில் நினைத்தாள். கிருபாபாய் முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்குச் சொல்லுங்கோ. இங்கயேதான் கெடக்கேன், ஒண்ணும் தெரியாது. என்ன சொன்னாவ இவிய? ஒண்ணு விடாம சொல்லுங்கோ.”

நாகஜோதி சொன்னாள். சீனக் கப்பலில் ஆரம்பித்து, மிளகு, போர்ச்சுக்கீசியர் என்று, வாக்கியம் வாக்கியமாக அவளிடம் வந்து சேர்ந்ததை முதல்முறையாக மொத்தமாக வாய்விட்டுச் சொன்னாள். “ஆயிரத்து ஐந்நூற்று மூணுல இந்தக் கோட்டைய…” என்று வரும்போது ஜன்னல் ஓரத்திலிருந்து அந்தக் குரல் வந்தது.

“அது பண்டகசாலை. கோட்டை ஐந்நூற்று பத்தொன்பது.”

இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாகஜோதி விட்ட இடத்தில் தொடர்ந்தாள். மாட்டு வண்டியில் போன எஞ்சினுக்குக் கிருபாபாய் விழுந்து விழுந்து சிரித்தாள். அவருடைய வாயோரமும் லேசாக அசைந்தது. கொச்சிக்குக் கப்பல் போன கட்டத்தில் நாகஜோதி நிறுத்தினாள்.

“அதுக்குப் பொறவு எனக்குத் தெரியாதும்மா. ஊரு என்ன பண்ணுச்சுன்னு கேட்டேன். அதுக்குள்ள சார் ரிட்டயர்டு ஆயி வந்துட்டாவ.”

கிருபாபாய் புருஷன் பக்கம் திரும்பினாள். “என்னதான் பண்ணிச்சு?”

அவர் உடனே சொன்னார். அந்த “உடனே” நாகஜோதியின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. இதே பதிலுக்கு அவள் மாதக்கணக்கில் காத்திருந்தாள்.

“முந்திரி உடைச்சுது. ஊர்ப் பெண்கள் எல்லாம் ஃபேக்டரியில உட்கார்ந்து முந்திரி உடைச்சாங்க. எங்க அம்மையும்தான். அப்பன் துறைமுகத்துல சரக்கு எழுதற ஆள். கப்பல் ஒண்ணு ரெண்டுன்னு குறைஞ்சு, அப்புறம் வரவே இல்ல. அப்பன் மட்டும் தினம் காலையில சட்டை போட்டுட்டுப் போய், அங்க உட்கார்ந்துட்டு, மத்தியானம் சோத்துக்கு வருவார். யார்கிட்டயும் பேச மாட்டார்.”

“இதெல்லாம் எங்கிட்ட ஒருநாளும் சொன்னதில்லியே” என்றாள் கிருபாபாய்.

“நீ கேட்டதில்ல.”

“கேட்டா சொல்லுவியளா? சரி, கேக்கேன். எவ்வளவு நாளு அப்பிடிப் போனாரு?”

அவர் சொன்னார். அவள் அடுத்ததைக் கேட்டாள். முக்காலி நாகஜோதியின் பக்கத்திலிருந்து மெல்ல ஜன்னல் பக்கம் நகர்ந்துவிட்டது. அதை அந்த அம்மாள் கவனித்தாளா என்றுகூடத் தெரியவில்லை. நாகஜோதி தேநீரைக் குடித்து முடித்தாள். ஏன் சொல்லாமல் போனீர்கள் என்று கேட்பதற்கு இனி அவசியம் இருக்கவில்லை. கட்டியவளிடமே முப்பத்தொரு வருஷம் வாய் திறக்காதவர், போகிறேன் என்று யாரிடம் சொல்லியிருப்பார்? அவர் பேசிய ஒரே ஆள் தான்தான் என்று தெரிந்துகொண்டாள். தெரிந்த அதே காலையில் அது தன் கையைவிட்டுப் போவதையும் எதிரே உட்கார்ந்து பார்த்தாள். அந்த அம்மாள்மேல் பொறாமையாக இருந்தது. முப்பத்தொரு வருஷம் பட்டினி கிடந்தவள் தட்டில் சோறு விழுவதைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

“மத்தியான வண்டிக்குப் போவணும். வாரேன் சார்” என்று எழுந்தாள்.

அவர் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் கூப்பினார். ஏதோ சொல்ல வந்து தொண்டையைச் செருமினார். நாகஜோதி நின்றாள், செத்த நேரம் நன்றாகவே நின்று பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. கிருபாபாய் வாசல்வரை வந்து, “இன்னொரு தடவ கட்டாயம் வரணும்” என்று கையை அழுத்தினாள். அவள் கண் கலங்கியிருந்தது. “வாரேன்” என்றாள் நாகஜோதி, வரப்போவதில்லை என்று தெரிந்தே. தெருவில் இறங்கி நாலு வீடு தாண்டுவதற்குள், பின்னால் ஜன்னல் வழியாக அந்தக் கரகரத்த குரல் மறுபடியும் ஆரம்பித்துவிட்டது.

வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. தெரு முடிகிற இடத்தில் கடல். அவள் போய்க் கருங்கல் தடுப்பு ஓரமாக நின்றாள். அங்கே துறைமுகத்தில் மீன் வள்ளங்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கிடந்தன. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லாமல் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவர் எந்த வண்டிக்கும் சொல்லவில்லை. அவளுக்கு அதை யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும்போல் இருந்தது. செல்போனை எடுத்து மகளை அழைத்தாள்.

“ஏத்தா யோகேசு, நான் எங்க நிக்கேன் தெரியுமா?”

“எம்மா, சின்னவனுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கேன். பொறவு பேசட்டா?”

“சரித்தா.”

போனை இடுப்பில் செருகிக்கொண்டு நாகஜோதி இன்னும் கொஞ்ச நேரம் கடலையே பார்த்தாள். கடல் எம்புட்டுப் பெருசு என்று சொன்னால் காதுகொடுத்துக் கேட்க அவளுக்கு ஒரு ஆள் இல்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒரு மீன்காரியிடம் கேட்டாள்.